இருபது மணி நேரம்: ஒரு விதியின் கதை



போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் திருச்சுழிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் என்னிடம் எட்டாம் வகுப்பில் வரலாறு படித்தவர். இப்போது சம்சாரி. ஆறு ஏக்கர் மானாவாரிக் கரிசல். மழை பெய்தால் மக்காச்சோளம், உளுந்து. பெய்யாவிட்டால் ஓரத்தில் நிற்கும் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம். கையில் நாலாக மடித்த தாள் ஒன்று வைத்திருந்தார்.

"சார், பாப்பா இங்கிலாந்துல போய் எம்.எஸ்சி. படிக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்குது. மதுரையில ஒரு ஏஜென்சில விசாரிச்சோம். படிச்சுக்கிட்டே வேலை பாக்கலாமாம். வாரத்துக்கு இருபது மணி நேரம். அந்தக் காசுலயே பீசும் கட்டி, சாப்பாட்டுச் செலவும் பாத்து, வீட்டுக்கும் அனுப்பலாம்னு சொல்றாங்க. உங்கள்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடலாம்னு வந்தேன்."

தாளைப் பிரித்தேன். 20 பெருக்கல் 12.21 பெருக்கல் 52 என்று போட்டு, அதை ரூபாயாக்கி, கடைசித் தொகையின் அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தார்கள். நம் ஊர்க் கண்ணுக்கு அது பெரிய தொகைதான்.

அவர் அடுத்துக் கேட்டதுதான் இந்தப் பதிவுக்குக் காரணம். "சார், இந்த இருபதுங்கிற கணக்கை முதல்ல யாரு போட்டது? எதுக்குப் போட்டாங்க?"

வகுப்பில் உட்கார்ந்திருந்த காலத்தில் அவர் ஒரு கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை. இந்தக் கேள்விக்கு நூறு மதிப்பெண் கொடுக்கலாம். அன்று அவரிடம் சொன்னதையும், நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள், பிள்ளையை வெளிநாடு அனுப்பும் யோசனையில் இருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

முதலில் நம் ஊரில் தொடங்குகிறேன். படிப்புச் செலவை யார் தாங்குவது என்பது நமக்குப் புதிய கேள்வி அல்ல. திருச்சுழியில் 1879இல் பிறந்த வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி, 1896இல் மதுரையில் வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்குக் கிளம்பிய கதை உங்களுக்குத் தெரியும். வழிச்செலவுக்கு அவர் எடுத்தது அண்ணனின் கல்லூரிக் கட்டணத்திலிருந்து. கட்டணம் 5 ரூபாய். 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயைக் கடிதத்தோடு வைத்து, கட்டணம் இன்னும் கட்டவில்லை என்பதையும் மறக்காமல் எழுதிவிட்டுப் போனார். துறவுக்குப் போகிற பிள்ளைக்குக்கூடக் கட்டணக் கணக்கைச் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டியிருந்தது. 5 ரூபாய் அன்றைய வீட்டுக்குப் பெரிய பணம்.

அதே காலத்தில் விருதுநகரில் நாடார் உறவின்முறையார் வேறு வழி கண்டார்கள். வீட்டுக்கு வீடு சமைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனியே வைத்து, அதைச் சேர்த்து விற்ற பணத்திலும் வியாபாரிகளின் மகமையிலும் 1889இல் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கினார்கள். அந்தப் பள்ளியில் படித்த காமராசர் சிறுவயதிலேயே படிப்பை விட்டுவிட்டு மாமாவின் துணிக்கடையில் வேலைக்கு நின்றார். படிப்பும் பிழைப்பும் ஒரே பிள்ளையின் இரண்டு கையையும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் எது ஜெயிக்கும் என்பது அவருக்கு அனுபவம். முதலமைச்சரான பின் பள்ளியில் மதிய உணவு போட்டதன் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நான் வகுப்பில் சொல்வது வழக்கம்.

என் கதையும் அதுதான். அருப்புக்கோட்டையில் படித்த காலத்தில், சாயங்காலம் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினேன். சேலைக் கட்டு எண்ணுவது, தறிக்காரர்களுக்குக் கூலி எழுதுவது. எத்தனை மணி நேரம் வேலை பார்த்தேன் என்று அரசாங்கம் என்னைக் கேட்கவில்லை. ஏனென்றால் நான் என் சொந்த ஊரில் இருந்தேன். ஊர் மாறினால், நாடு மாறினால், அதே வேலைக்கு அனுமதி வேண்டியிருக்கிறது.

கடல் கடந்து படிக்கப் போனவர்களில் இரண்டு பேரைச் சொல்கிறேன். ஒருவர் அம்பேத்கர். 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டுகளுக்கு. திரும்பி வந்து பரோடா அரசில் பத்தாண்டு வேலை செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். பணம் வந்தது, கூடவே கட்டும் வந்தது.

இன்னொருவர் ஜெயப்பிரகாஷ் நாராயண். 1975 நெருக்கடி நிலைக் காலத்தில் சிறைப்பட்ட அதே ஜே.பி.தான். 1922 அக்டோபரில் கலிபோர்னியாவில் போய் இறங்கியபோது அவருக்கு ஏறக்குறைய இருபது வயது. மன்னரும் இல்லை, மகமையும் இல்லை. திராட்சைத் தோட்டத்தில் பழம் பறித்தார், காயப்போட்டார். பழங்களை டப்பாவில் அடைக்கும் ஆலையில் வேலை பார்த்தார். பாத்திரம் கழுவினார். மோட்டார் பட்டறையிலும் கசாப்புச் சாலையிலும்கூட வேலை பார்த்தார். அப்படிச் சேர்த்த பணத்தில் 1923 ஜனவரியில் பெர்க்லியில் சேர்ந்தார். அங்கே கட்டணம் இரண்டு மடங்கானதும் தாக்குப்பிடிக்க முடியாமல் அயோவாவுக்கு மாறினார். பிறகு விஸ்கான்சின், ஒஹையோ. 1929இல் ஊர் திரும்பினார். ஏழு வருடம்.

உழைத்தே படித்தார் என்று நாம் இதைப் பெருமையாகச் சொல்கிறோம். பெருமைதான். ஆனால் அதில் மறைந்திருக்கும் இரண்டு உண்மைகளையும் பாருங்கள். ஒன்று, அவர் முதலில் வேலை பார்த்தார், பிறகு கல்லூரியில் சேர்ந்தார். இன்றைய விசாவில் அது நடக்காது. இரண்டு, அவ்வளவு உழைத்தும் கட்டண உயர்வு ஒன்று அவரை ஊர் மாற்றிவிட்டது.

அவர் அங்கே இருக்கும்போதே சட்டம் மாறியது. 1924இல் அமெரிக்கா குடியேற்றச் சட்டம் கொண்டுவந்தது. ஆசியர்கள் குடியேறும் வாசலை அது அடைத்தது. மாணவர்களுக்கு மட்டும் ஒரு சிறு கதவு விட்டது. அதன் மேல் எழுதியிருந்த நிபந்தனை, படிப்பதற்காக மட்டுமே வரவேண்டும் என்பது. அந்த 'மட்டுமே' என்ற சொல்லில்தான் நம் இருபது மணி நேரத்தின் விதை இருக்கிறது. மாணவன் என்று சொல்லிக்கொண்டு தொழிலாளி உள்ளே வந்துவிடுவானோ என்பது அவர்கள் சந்தேகம்.

அடுத்து 1929இல் பெருமந்தம். அமெரிக்கர்களுக்கே வேலை இல்லை. 1932இல் தொழிலாளர் துறைச் செயலராக இருந்த வில்லியம் டோக், வெளிநாட்டு மாணவர்கள் கூலி வேலை பார்க்கத் தடை போட்டார். பத்து வருடத்துக்கு முன் ஜே.பி. பாத்திரம் கழுவியது உழைப்பு. 1932இல் இன்னொரு மாணவன் அதே பாத்திரத்தைக் கழுவினால் குற்றம்.

இருபது என்ற எண்ணுக்கு வருகிறேன். 1938இல் அமெரிக்காவின் தொழிலாளர் சட்டம் நாற்பது மணி நேர வேலை வாரத்துக்கு வழி வகுத்தது. முழுநேர வேலைக்கு நாற்பது என்பதே இன்று பல நாடுகளில் வழக்கம். இருபது அதில் சரிபாதி. படிக்க வந்தவன் பாதி ஆளுக்கு மேல் தொழிலாளி ஆகக் கூடாது என்பதே அந்த எண்ணின் பொருள் என்று நான் புரிந்துகொள்கிறேன். ஒரு மாணவன் பிழைக்க எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டு வந்த எண்ணாக அது எனக்குத் தெரியவில்லை. என் மாணவருக்கு நான் முதலில் சொன்ன பதில் இதுதான்.

இங்கிலாந்தின் கதை வேறு மாதிரி. வெள்ளைக்காரன் காலத்திலும், விடுதலைக்குப் பின் காமன்வெல்த் குடிமக்களாக இருந்த காலத்திலும், நம்மவர்கள் அங்கே போய்ப் படிக்கவோ வேலை பார்க்கவோ தனி அனுமதி தேவைப்படவில்லை. 1962இல் காமன்வெல்த் குடியேறிகள் சட்டம் வந்து அதை நிறுத்தியது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் 1973 ஜனவரி 1 முதல் கதவை இன்னும் இறுக்கியது. அதன் பிறகு மாணவர் வேலை பார்க்க வேண்டுமென்றால் தனியாக அனுமதி கேட்டு நிற்கவேண்டும்.

நாம் எல்லோரும் கவனிக்கவேண்டிய திருப்பம் இதற்கடுத்து வருகிறது. அதுவரை வெளிநாட்டு மாணவர் என்றால் பெரும்பாலும் உபகாரச் சம்பளத்தில் போனவர், அல்லது அந்த நாடே செலவில் ஒரு பங்கைத் தாங்கிய மாணவர். 1950 ஜனவரியில் இங்கே பக்கத்தில் கொழும்பில் காமன்வெல்த் அமைச்சர்கள் கூடிப் போட்ட கொழும்புத் திட்டத்தில் ஆசிய மாணவர்கள் பலர் ஆஸ்திரேலியா போய்ப் படித்தார்கள். செலவு ஆஸ்திரேலியாவுடையது. படித்து முடித்தால் ஊர் திரும்பவேண்டும். அவர்கள் விருந்தாளிகள்.

1980இல் மார்கரெட் தாட்சர் அரசு, புதிதாகச் சேரும் வெளிநாட்டு மாணவர் படிப்புச் செலவு முழுவதையும் தானே கட்டவேண்டும் என்றது. 1980களின் நடுவில் ஆஸ்திரேலியாவும் அதே வழிக்கு வந்தது. விருந்தாளியாக இருந்தவர் வாடிக்கையாளர் ஆனார். வாடிக்கையாளர் வேண்டுமென்றால் கடைக்காரர் ஏதாவது சலுகை காட்டத்தானே வேண்டும்? 1999இல் டோனி பிளேர் அரசு, 2005க்குள் வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கையை 75,000 கூட்டுவது என்று இலக்கு வைத்தது. அதோடு சேர்த்து, வாரம் இருபது மணி நேரம் வரை தனி அனுமதி இல்லாமலே வேலை பார்க்கலாம் என்றும் சொன்னது. ஆஸ்திரேலியா 2008இல் விசாவோடு சேர்த்தே வேலை அனுமதியைக் கொடுத்தது. கனடா 2014 ஜூன் முதல் தனி அனுமதிச் சீட்டு இல்லாமலே கல்லூரிக்கு வெளியே வாரம் இருபது மணி நேரத்தை அனுமதித்தது.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் கட்டணம் ஏறியது. பிறகுதான் வேலைக் கதவு திறந்தது. ஜவுளிக் கடையில் விலையை ஏற்றிவிட்டுத் தள்ளுபடிப் பலகை வைப்பதை நாம் பார்த்ததில்லையா?

கதவு திறந்ததே தவிர, தாழ்ப்பாள் அவர்கள் கையில்தான் இருக்கிறது. 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின்போது, ஆஸ்திரேலியப் பிரதமர் ஸ்காட் மாரிசன், தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள முடியாத தற்காலிக விசாக்காரர்கள் ஊருக்குத் திரும்பட்டும் என்றார். மாணவர்களும் அதில் அடக்கம். இரண்டு வருடம்கூட ஆகவில்லை. 2022 ஜனவரியில் கடைகளிலும் கிடங்குகளிலும் ஆள் இல்லை. உடனே மணிக்கணக்கு வரம்பு தளர்ந்தது. சீக்கிரம் வந்து சேரும் மாணவர்களுக்கு விசாக் கட்டணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று அதே அரசு அழைத்தது. ஆள் பற்றாக்குறை தணிந்ததும் 2023 ஜூலை 1 முதல் மறுபடி வரம்பு வந்தது. இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்.

கனடாவும் இதே பாட்டைத்தான் பாடியது. 2022 நவம்பர் 15 முதல் வரம்பை எடுத்தார்கள். 2024 ஏப்ரல் 30 வரை, தகுதியுள்ள மாணவர் எத்தனை மணி நேரமும் உழைக்கலாம் என்றிருந்தது. பிறகு பழையபடி 20. 2024 நவம்பர் 8 முதல் 24. இதற்கிடையில் கனடா போக மாணவர் காட்டவேண்டிய கைப்பணமும் மாறியது. இருபது வருடத்துக்கு மேலாக 10,000 டாலராக இருந்தது, 2024 ஜனவரி 1இல் 20,635 டாலர் ஆனது.

இந்தத் தேதிகள் எனக்கு மனப்பாடம் ஆனதற்கு ஒரு காரணம் உண்டு. என்னிடம் படித்த பையன் ஒருவன் 2022 கடைசியில் கனடா போனான். அப்பா தறிக்காரர். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன். வரம்பு இல்லாத காலம். பகலில் கல்லூரி, சாயங்காலம் ஒரு கடை, இரவில் ஒரு கிடங்கு. வாரத்துக்கு நாற்பது, நாற்பத்தைந்து மணி நேரம். கடன் தவணையை அவனே கட்டினான். அந்த வரும்படியை நம்பி அப்பா வீட்டுக்கு மேல்தளம் போட இன்னும் கொஞ்சம் வாங்கினார். 2024 மே மாதம் வரம்பு திரும்பியது. வருமானம் பாதியானது. தவணை பாதியாகவில்லை.

ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு அவன் போன் பண்ணினான். "சார், இருபது மணிக்கு மேல கையில காசு குடுக்கிற எடம் ஒண்ணு இருக்கு. எழுத்துல வராது. போகட்டுமா?"

போகாதே என்றேன். சொல்வது எளிது. அவன் அப்பாவிடம் பேசி, மேல்தளத்தைக் கம்பியோடு நிறுத்தச் சொன்னேன். அந்தக் கம்பி இன்னும் துருப்பிடித்துத்தான் நிற்கிறது. ஆனால் பையன் படிப்பை முடித்தான், விசாவும் கெடவில்லை. அவனிடம் ஏன் அவ்வளவு கறாராகச் சொன்னேன் என்பதற்கும் வரலாற்றில் ஒரு பாடம் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் செவன் லெவன் என்ற கடைத்தொடர். 2015இல் அந்நாட்டுத் தொலைக்காட்சியான ஏபிசி வெளியிட்ட புலனாய்வில் ஊர் அதிர்ந்தது. அந்தக் கடைகள் பலவற்றில் வேலை பார்த்தவர்கள் வெளிநாட்டு மாணவர்கள். அவர்களில் இந்தியத் துணைக்கண்டத்துப் பிள்ளைகள் ஏராளம். நாற்பது மணி நேரம் வேலை வாங்கிக்கொண்டு, கணக்கில் இருபது என்று எழுதி, இருபதுக்குத்தான் கூலி. ஏன் என்று கேட்டால், விதியை மீறி வேலை பார்த்தாய் என்று குடியேற்றத் துறைக்கு எழுதிப் போடுவேன் என்று மிரட்டல். மாணவன் அதிகமாக உழைக்கக் கூடாது என்று போட்ட விதியே, உழைத்த கூலியைக் கேட்கவிடாமல் அவன் வாயை அடைத்தது. கடைசியில் அந்த நிறுவனம் 15 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் பாக்கிக் கூலியைத் திருப்பிக் கொடுத்தது.

எழுத்தில் வராத வேலைக்கு எழுத்தில் வராத கூலிதான். அங்கே போய் முதலாளியின் கையில் உங்கள் குடுமியைக் கொடுத்துவிட்டால், பிறகு அவர் ஆட்டுகிற பக்கம் ஆடவேண்டியதுதான். நல்லவேளையாக 2024 ஜூலை முதல், விசாவைக் காட்டி மிரட்டி வேலை வாங்குவதை ஆஸ்திரேலியா குற்றமாக்கியிருக்கிறது. புகார் செய்யும் தொழிலாளிக்கு விசாப் பாதுகாப்புக்கும் வழி வைத்திருக்கிறது. மாட்டிக்கொண்ட பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

இவர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. நம் நாட்டுக்குப் படிக்க வரும் வெளிநாட்டு மாணவரும் மாணவர் விசாவில் இங்கே சம்பள வேலைக்குப் போக முடியாது. எல்லா நாடும் தன் வீட்டு வாசலில் ஒரு மாதிரிதான்.

இப்போது என் மாணவர் கொண்டுவந்த தாளுக்கு வருகிறேன். நான் ஒரு பேனாவை எடுத்து அதே தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்.

12.21 பவுண்டு என்பது 2025 ஏப்ரலில் இங்கிலாந்தில் 21 வயதும் அதற்கு மேலும் ஆனவருக்கு நடைமுறைக்கு வந்த சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி. ஒரு வாரம்கூட விடுமுறை எடுக்காமல், காய்ச்சல் வராமல், வருடம் முழுக்க வேலை கிடைத்தால் மாதம் சுமார் 1,058 பவுண்டு. சரி. மாணவர் ஒருவர் லண்டனுக்கு வெளியே மாதம் பிழைக்க எவ்வளவு வேண்டும் என்று அந்நாட்டு அரசே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. விசாவுக்கு அந்தப் பணத்தை முன்கூட்டியே காட்டவேண்டும். 2025 தொடக்கத்தில் அது 1,136 பவுண்டு. நவம்பரில் 1,171 ஆக்கிவிட்டார்கள். லண்டன் என்றால் இன்னும் அதிகம்.

அதாவது இருபது மணி நேரமும் முழுதாக உழைத்தாலும், அந்த அரசு சொல்லும் சாப்பாடு, வாடகைச் செலவுக்கே காணாது. பிறகு எங்கே பீசு கட்டுவது? எம்.எஸ்சி. கட்டணம் பல இடங்களில் 15,000 பவுண்டுக்கு மேல். மருத்துவத்துக்கென்று விசாவோடு கட்டவேண்டியது வருடத்துக்கு 776 பவுண்டு. கோடை விடுமுறையில் முழுநேரம் உழைக்கலாமே என்று ஏஜென்சியில் சொல்லியிருக்கிறார்கள். இளநிலை மாணவருக்கு அது சரி. முதுநிலைப் படிப்பில் கோடையில்தான் ஆய்வேடு எழுதவேண்டும். அந்தக் காலமும் பொதுவாகப் படிப்புக் காலமாகவே எண்ணப்படும். அப்போதும் அதே இருபதுதான்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அவங்க எழுதிக் குடுத்தது பொய்யா சார்?" என்றார்.

பெருக்கல் சரி என்றேன். கழித்தலைத்தான் போடவில்லை.

அடுத்தது கடன். "காட்டை வெச்சு பேங்குல கேக்கலாம்னு இருந்தேன்" என்றார். இதில் நம் மானாவாரிச் சம்சாரிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் ஈடு கேட்பார்கள். ஆனால் வாராக்கடனுக்கு வங்கி நேரடியாகச் சொத்தை ஏலம்விட வழி செய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம், அதன் 31ஆம் பிரிவுப்படி, விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. நிலத்தைக் காப்பாற்ற வந்த நல்ல பிரிவு அது. அதனாலேயே புஞ்சைக் காட்டை ஈடாக வாங்க வங்கிகள் தயங்குகின்றன. மிஞ்சுவது வீடு, நகை, வெளிவட்டி. மூன்றாவதை நினைத்துத்தான் எனக்கு வயிறு கலங்கியது.

அதற்குள் மகளே வந்துவிட்டாள். அப்பாவைத் தேடி ஸ்கூட்டரில் வந்தவள். கெட்டிக்காரி, விருதுநகர் மாவட்டத்தில் நல்ல மதிப்பெண் வாங்கித் தேறியவள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நேராகவே கேட்டாள்.

"அப்ப நான் போகக் கூடாதுங்கிறீங்களா தாத்தா?"

என் வயதில் உள்ளவர்கள் இந்தக் கேள்வியில் வழுக்கி விழுவது சுலபம். 'பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு' என்று நம் ஊர்த் திண்ணையில் சொல்லிக் கெடுத்த படிப்புகளை நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். என் வகுப்பிலேயே எட்டாவதோடு நின்ற பெண்பிள்ளைகளின் பெயர்கள் இன்னும் எனக்கு வருகைப் பதிவேட்டு வரிசையில் ஞாபகம் இருக்கின்றன. அந்த வரிசையில் இன்னொரு பெயரைச் சேர்க்க நான் இந்தக் கணக்கைப் போடவில்லை.

"போம்மா. ஆனா அந்த இருபது மணி நேரத்துக்கு நேரா ஒரு சுழியைப் போட்டுக்கோ. வேலையே கிடைக்கலைன்னு வெச்சுக்கிட்டுக் கணக்குப் பாரு. அப்பவும் கட்டுபடியாகுதுன்னா தாராளமாப் போ. வேலை கிடைச்சா அது கைச்செலவுக்கு" என்றேன். அவள் அப்பா சிரித்துவிட்டார். "திருச்சுழிக்காரனுக்குச் சுழியைச் சொல்லித் தரணுமா சார்?"

அவளுக்குச் சொன்ன மற்றவற்றையும் இங்கே தருகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஆகும்.

ஒன்று. விதியை அந்தந்த நாட்டு அரசின் இணையதளத்தில் நீங்களே படியுங்கள். விண்ணப்பிக்கும்போது ஒரு தடவை, கிளம்பும் முன் ஒரு தடவை, போன பிறகு ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு தடவை. மேலே சொன்ன கதையில் எத்தனை முறை மாறியது என்று பார்த்தீர்கள் அல்லவா?

இரண்டு. எண் மட்டும் விதி அல்ல. அமெரிக்காவில் படிப்புக் காலத்தில் வாரம் இருபது என்பது கல்லூரி வளாகத்துக்குள் மட்டும். வெளியே போய்க் கடையில் நிற்க முடியாது. இங்கிலாந்தில் மாணவர் விசாவில் சொந்தத் தொழில் கூடாது. வண்டியில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பல இடங்களில் சொந்தத் தொழில் கணக்கில்தான் வரும். நண்பனின் கணக்கை வாடகைக்கு வாங்கி ஓட்டினால் இரண்டு பேருக்கும் ஆபத்து.

மூன்று. படித்து முடித்தபின் அங்கே தங்கி வேலை தேடலாம் என்பதும் மாறும் விதிதான். இங்கிலாந்து 2012இல் அதை எடுத்தது, 2021 ஜூலையில் இரண்டு வருடமாகத் திருப்பிக் கொடுத்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் இளநிலை, முதுநிலைப் பட்டதாரிகளுக்கு 18 மாதம்தான். கடன் தவணையை அந்தக் காலத்தை நம்பிப் போடாதீர்கள்.

நான்கு. கட்டணம் குறைந்த இடத்தைத் தேடுங்கள். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனாலும் ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோவை முடக்குக் கணக்கில் போட்டுக் காட்டவேண்டும். அங்கே 2024 மார்ச் முதல் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம்.

ஐந்து. உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பியுங்கள். மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1950களிலிருந்து இருக்கிறது. நம் மாநிலத்தில் அண்ணல் அம்பேத்கர் பெயரில் அயலக உயர்கல்வித் திட்டம் இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகள் இவற்றைத் தவறவிடக் கூடாது. மற்றவர்களுக்கு காமன்வெல்த், செவனிங், ஜெர்மனியின் தாட் போன்றவை. கிடைக்காமல் போகலாம். விண்ணப்பிக்காமல் விட்டால் நிச்சயமாகக் கிடைக்காது.

அவள் எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டாள். இந்த வருடம் வேண்டாம், ஒரு வருடம் இங்கேயே வேலை பார்த்துக்கொண்டு உபகாரச் சம்பளத்துக்கு முயற்சி செய்கிறேன் என்றாள். அது அவள் முடிவு. முகத்தில் வருத்தம் இருந்தது, மறைக்கவில்லை. அவள் தோழிகள் இரண்டு பேர் செப்டம்பரிலேயே போய்விட்டார்களாம். அடுத்த வருடம் விதி இன்னும் இறுகினால் என்ன செய்வது என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. விதி எந்தப் பக்கம் போகும் என்று நூறு வருட வரலாறு எனக்குச் சொல்லவில்லை. யாருக்காகப் போகும் என்று மட்டும் சொல்கிறது. அவர்களுக்கு ஆள் வேண்டுமென்றால் தளரும், வேண்டாமென்றால் இறுகும். நம் பிள்ளையின் கட்டணத் தவணை அந்தக் கணக்கில் எங்குமே வராது.

கைப்பிடி அரிசி சேர்த்துப் பள்ளி கட்டியவர்கள் பிள்ளையைப் படிக்கும் வயதில் படிக்கவிட்டார்கள். சுமையை ஊர் தாங்கியது. இன்று அதே சுமையை இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் வைத்து, இருபது மணி நேரத்தில் சுமந்து முடி என்கிறோம். அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் படித்து வெளிநாட்டில் நல்ல நிலையில் இருக்கும் என் பழைய மாணவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். உங்களிடம் பணம் கேட்கவில்லை. உங்கள் ஊரில் வாடகை எவ்வளவு, வேலை கிடைக்க எத்தனை மாதம் ஆகும், எந்தப் படிப்புக்கு மதிப்பு இருக்கிறது என்று கேட்டு ஒரு பிள்ளை பேசினால், பத்து நிமிடம் ஒதுக்கி உண்மையைச் சொல்லுங்கள். முகநூலில் போடும் பனிப்பொழிவுப் படத்தை மட்டும் பார்த்து இங்கே வீட்டுப் பத்திரங்கள் வெளியே வருகின்றன.

என் மாணவர் கிளம்பும்போது அந்தத் தாளை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். முன்பக்கம் ஏஜென்சிக் கணக்கு, பின்பக்கம் என் கணக்கு. யாராவது இதே கேள்வியோடு வந்தால் காட்டலாம் என்று எடுத்து வைத்திருக்கிறேன்.

பயன்படும் என்று தோன்றினால் பகிருங்கள்.